இரண்டரை மணி கூட்டுவதா, சிங்கப்பூருக்கே கணிப்பதா?

சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் தினசரி நாட்காட்டி வாங்கும்போது, அது எந்த ஊர் உதயத்துக்குக் கணித்தது என்று பார்ப்பவர் குறைவு. தமிழ்நாட்டில் அச்சானதை மாட்டிவைத்து, இங்கத்திய கடிகாரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தி ஓடுவதால், எல்லா நேரத்தோடும் இரண்டரை மணி கூட்டிக்கொள்கிறோம். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் அது சரி. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. அது முடியும் கணம் உலகெங்கும் ஒன்றுதான்.

ராகுகாலத்துக்கு அப்படிக் கூட்டவே கூடாது. பகலை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு ராகுகாலம். உதயம் 6 மணி என்று வைத்துத்தான் 7.30 முதல் 9 வரை என்கிறோம். சிங்கப்பூரில் பொழுது விடிவது ஏறக்குறைய 7 மணிக்கு. ஆகவே இங்கே அது 8.30 முதல் 10 வரை. இரண்டரை மணி கூட்டியவர், 10 மணிக்குத்தான் ராகுகாலம் தொடங்குகிறது என்று நம்பி, 9 மணிக்குப் புதுவீட்டில் பால் காய்ச்சுவார். எமகண்டம், குளிகை, கௌரி நல்ல நேரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சிங்கப்பூருக்கே கணித்துத் தரும் கைப்பேசிச் செயலியில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஊர் சரியாகக் குறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரத நாளில் அதன் அருமை இன்னும் தெரியும். வெள்ளி விடியல் இந்திய நேரம் 5.15க்குத் தசமி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் உதயத்தின்போது ஏகாதசி வந்துவிடும். இங்கே அந்தக் கணத்தில் மணி 7.45, உதயத்தில் தசமிதான் இருந்தது. விரதம் சனிக்கிழமைக்குப் போகக்கூடும்.

வாக்கியப் பஞ்சாங்கமா, இன்றைய வானியல் கணக்கில் எழுதும் திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பது வேறு வழக்கு. வாக்கியத்துக்கு அடிப்படையான, வரருசி பெயரால் வழங்கும் பழைய வாய்பாடுகளில் சந்திரனின் அலைவுகள் எல்லாம் அடங்கவில்லை; அதனால் வாக்கியத் திதி சில மணி நேரம் முன்பின்னாகும். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20.

அன்றாட நேரங்களுக்குச் சிங்கப்பூருக்குக் கணித்த திருக்கணிதமே என் தேர்வு. திருவிழாவுக்குக் கோயில் அறிவிக்கும் நாளே நாள். வீட்டில் தலைமுறையாக வாக்கியம் பார்த்துத் திதி கொடுப்பவர்களை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. இங்கத்திய பிற்பகலில் அந்தத் திதி நிற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே புரோகிதரிடம் கேட்டுவிடுங்கள்.