பச்சை ஹேர்ஸ்ட்ரீக்கும் என் 100 எம்எம் மேக்ரோவும்: பல வசந்தம் ஓட்டிப் பாத்த அனுபவம்

லென்ஸ் வாங்கின புதுசுல எழுதற ரிவ்யூல பெரும்பாலும் டப்பால இருக்கறதைத்தான் திருப்பி எழுதுவோம், நானும் அப்ப எழுதியிருந்தா அப்படித்தான் இருந்திருக்கும். இப்போ ரப்பர் கிரிப் வெளுத்து, ஹூட் (லென்ஸ் முனைல மாட்டற வெயில் மறைப்பு) ஆடற அளவுக்கு ஆன பிறகு எழுதறேன். பிராண்ட் பேர் வேண்டாம், 90லேருந்து 105 எம்எம் வரைக்கும் இருக்கற மேக்ரோ (சின்னப் பொருளை ரொம்பக் கிட்டத்துல எடுக்கற லென்ஸ்) எல்லாத்துக்கும் நான் சொல்லப்போறது பொருந்தும், இந்த ரேஞ்சுல மோசமான லென்ஸ்னு ஒண்ணை கண்டுபிடிக்கறதே கஷ்டம். கேமரா பாடி கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமை விட சின்ன சென்சார். எடுக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு பட்டாம்பூச்சி, பச்சை ஹேர்ஸ்ட்ரீக், கேலோஃப்ரிஸ் ரூபி.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். 1:1ங்கற (பொருள் சென்சார்ல நிஜ அளவுலயே விழறது) நம்பருக்குத்தான் நாம காசு குடுக்கறோம், ஆனா இவ்ளோ காலத்துல நான் ரொம்பக் கம்மியா உபயோகிச்சது அந்த 1:1ஐத்தான். பாதி அளவு, அதாவது 1:2 பக்கத்துலயேதான் எல்லா உருப்படியான படமும் வந்திருக்கு.

ஏன்னு சொல்லணும்னா முதல்ல பூச்சியைப் பத்தி சொல்லணும். இறக்கை விரிச்சா இந்தக் கோடிக்கு அந்தக் கோடி சுமார் மூணு சென்டிமீட்டர், அவ்ளோதான். ஐரோப்பா முழுக்க, வட ஆப்பிரிக்கா, அந்தப் பக்கம் சைபீரியா வரைக்கும் இருக்கு, வருஷத்துக்கு ஒரே தலைமுறை, பெரும்பாலான இடத்துல ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும்தான் பறக்கும். கூட்டுப்புழுவா குளிர்காலத்தைத் தரையில கழிச்சுட்டு வெயில் வந்ததும் வெளிய வரும். (அந்தக் கூட்டுப்புழு கீச்சுனு ஒரு சத்தம் போடும், நம்ம காதுக்கே கேக்கும், எறும்பு அதைத் தேடி வரும். நம்பறது கஷ்டம்தான் ஆனா நிஜம்.) பறக்கும்போது பாத்தா ஏதோ பழுப்பு நிற அந்துப்பூச்சி மாதிரி இருக்கும், ஏன்னா இறக்கையோட மேல்பக்கம் பழுப்பு. உக்காந்த நொடி இறக்கையை மூடிடும், அடிப்பக்கம் பளிச்சுனு பச்சை, உக்காந்த இலையும் பச்சை, முடிஞ்சது கதை, கண்ணு முன்னாடி காணாம போயிடும். உக்காந்திருக்கும்போது இறக்கையைத் திறக்கவே திறக்காது, அதனால மேல்பக்கத்தைப் படம் எடுக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்கறவங்க அந்த ஆசையை இப்பவே விட்டுடலாம்.

இப்ப கணக்குக்கு வர்றேன். கிராப் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ. 1:1ல வச்சா ஃபிரேமுக்குள்ள அடங்கறதும் அதே 23.5 மி.மீ. இறக்கை மூடி உக்காந்த ஹேர்ஸ்ட்ரீக் உணர்கொம்போட சேத்து அதுல முட்டிக்கிட்டு நிக்கும், கொஞ்சம் கை அசைஞ்சா கொம்பு வெட்டுப்படும். அதோட அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம், எஃப் நம்பர் கூடக்கூட சின்னதாகும்) எஃப் 8ல 1:1க்கு ஃபோகஸ்ல இருக்கற ஆழம் அரை மில்லிமீட்டரை விட சொச்சம்தான். 1:2க்கு வந்தா அதே எஃப் 8ல கிட்டத்தட்ட 2 மி.மீ. கிடைக்குது. ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன வாழுதுன்னு கேக்கலாம், ஆனா இது இறக்கையை மூடியே உக்கார்ற பூச்சி, சென்சாரை இறக்கைக்கு இணையா பிடிச்சா அந்த ரெண்டுல மொத்த இறக்கையும் கண்ணும் அடங்கிடும். இறக்கை விரிச்சு உக்கார்ற பட்டாம்பூச்சியை விட இது விஷயத்துல இவன் ரொம்ப நல்லவன். அபெர்ச்சரை எஃப் 16க்கு மூடி ஆழத்தைக் கூட்டலாம்னா, கிட்ட போகப்போக நிஜமான அபெர்ச்சர் இன்னும் சுருங்கும், 1:1ல எஃப் 16ங்கறது ஏறக்குறைய எஃப் 32 மாதிரி வேலை செய்யும், டிஃப்ராக்‌ஷன்ல (சின்னத் துவாரத்துல ஒளி பரவி மங்கறது) செதில் விவரம் எல்லாம் கரைஞ்சிடும். நான் எஃப் 8, வெளிச்சம் நல்லா இருந்தா எஃப் 11, அதைத் தாண்டறதில்ல.

தூரம்தான் அடுத்த பஞ்சாயத்து. இந்த ரேஞ்ச் லென்ஸ்ல 1:1 வேணும்னா பூச்சிக்கும் லென்ஸ் முனைக்கும் நடுவுல ஒரு சாண் கூட இருக்காது, சுமார் 15 சென்டிமீட்டர், ஹூட் மாட்டினா அதுலயும் பாதி போச்சு. 1:2ல நின்னா மூச்சு விட இடம் கிடைக்கும். 60 எம்எம் மேக்ரோ வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில், பூவுக்கு வாங்குங்க, பட்டாம்பூச்சிக்கு வேண்டாம், அவ்ளோதான்.

இதுல யாரும் ரிவ்யூல சொல்லாத ஒரு சிக்கல் இருக்கு, எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு. இந்தப் பூச்சி குளிர்ல உடம்பை சூடாக்கறதுக்கு இறக்கையை மூடினபடியே ஒரு பக்கமா சாஞ்சு, அந்தத் தட்டையான பக்கத்தை வெயிலுக்கு நேரா காட்டும். நமக்கு இறக்கை முழுக்க ஃபோகஸ்ல வேணும்னா நாம இறக்கைக்கு நேரா நிக்கணும். ரெண்டையும் சேத்துப் பாருங்க, நாம நிக்க வேண்டிய இடம் சரியா சூரியன் இருக்கற திசை! நம்ம தலை நிழலோ லென்ஸ் நிழலோ அதுமேல விழும், விழுந்தா வெளிச்சமும் போச்சு பூச்சியும் போச்சு, நிழல் பட்டா நிக்காது. 15 சென்டிமீட்டர்ல இருக்கற லென்ஸ் வானத்துல பெரிய துண்டை மறைக்கும், அதே லென்ஸை 1:2 தூரத்துக்குத் தள்ளி வச்சா மறைக்கற கோணம் சின்னதாயிடும், லேசா ஓரம் ஒதுங்கினாலே நிழல் விலகிடும். நான் 1:1ஐ விட்டு 1:2க்கு வந்ததுக்கு ஆழத்தை விட பெரிய காரணம் இந்த நிழல்தான். வெயில்ல ஹூட்டைக் கழட்டி பைல போட்டுடறதும் இதனாலதான், ஃபிளேர் வந்தா வந்துட்டுப் போகட்டும்.

ஆட்டோஃபோகஸ் பத்தி என்ன சொல்றது, பச்சை இலை மேல பச்சைப் பூச்சி, அது பின்னாடி இருக்கற இலை நரம்பைப் பிடிச்சுக்கிட்டு முன்னயும் பின்னயும் ஓடிக்கிட்டே இருக்கும். லிமிட்டர் சுவிட்சை (ஃபோகஸ் தேடற தூரத்தை அடக்கறது) கிட்டத்துக்கு மட்டும்னு வச்சா பரவாயில்ல. எனக்கு ஒத்து வந்த முறை என்னன்னா, மேனுவலுக்கு மாத்தி 1:2 குறியில வளையத்தை வச்சுட்டு, உடம்பை மட்டும் மெதுவா முன்னுக்கு சாச்சு, கண்ணைச் சுத்தி இருக்கற வெள்ளை விளிம்பு தெளிவானதும் பட்டனை அழுத்தறது. அந்த வெள்ளை விளிம்பும், உணர்கொம்புல இருக்கற கறுப்பு வெள்ளை வளையமும்தான் அந்தப் பச்சைக் காட்டுல ஃபோகஸ் பிடிக்க இருக்கற ஒரே ஆதாரம். பர்ஸ்ட்ல நாலஞ்சு ஃபிரேம் விட்டா ஒண்ணு சரியா வரும். ஸ்டெபிலைசேஷன் நல்ல விஷயம்தான், ஆனா கிட்ட போகப்போக அதோட பலன் குறையும், அதோட அது நம்ம கை நடுக்கத்தை நிறுத்துமே தவிர காத்துல ஆடற கிளையை நிறுத்தாது. ஷட்டர் 1/500க்குக் கீழ போகாம ஐஎஸ்ஓவை (சென்சாரோட ஒளி உணர்திறன்) ஏத்திடறேன், நாய்ஸை அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடின இறக்கையை ஒண்ணும் பண்ண முடியாது. மோனோபாட் ஒண்ணு வாங்கினேன், அது இப்போ வீட்ல திரைச்சீலை நகட்ட உதவுது.

நிறம் தனிக் கதை. இந்தப் பச்சைல பச்சை சாயமே கிடையாது. இறக்கைச் செதிலுக்குள்ள கைட்டின்ல (பூச்சி ஓட்டோட பொருள்) கைராய்டுங்கற முறுக்கின வலைப்பின்னல் வடிவத்துல நுண்ணிய கட்டமைப்பு இருக்கு, அதுல பட்டு வர்ற ஒளிதான் நமக்குப் பச்சையா தெரியுது. அதனால ஒளி எந்தப் பக்கம்லேருந்து வருதுங்கறதைப் பொறுத்து ஒரு படத்துல மஞ்சள் கலந்த பச்சை, அடுத்த படத்துல நீலம் கலந்த பச்சைன்னு வரும், லென்ஸைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நேரடி ஃபிளாஷ் அடிச்சா செதில் புள்ளிப்புள்ளியா மின்னி தகடு ஒட்டின மாதிரி ஆகிடும், எனக்குப் பிடிக்கல, மேகம் லேசா மறைச்ச வெயில்தான் பெஸ்ட். ஆட்டோ வைட் பேலன்ஸும் சுத்தி இருக்கற இலைப் பச்சையைப் பாத்துட்டு மெஜந்தா பக்கம் இழுக்கும், நான் டேலைட்ல பூட்டிட்டு ரா ஃபைல்ல எடுக்கறேன். எடிட்டிங்ல பச்சை ஸ்லைடரைத் தொட்டா இலையும் இறக்கையும் சேந்தே நகரும், இறக்கையை மட்டும் மாஸ்க் பண்ணித்தான் வேலை செய்யணும். சீசன் கடைசில செதில் உதிர்ந்து ஓரமெல்லாம் பழுப்பா இருக்கும், உதிர்ந்தது திரும்ப முளைக்காது, அதனால பளபளன்னு படம் வேணும்னா சீசன் ஆரம்பத்துலயே போயிடணும். அடிப்பக்கத்துல இருக்கற வெள்ளைக் கோடு மட்டும் சிலதுக்குப் புதுசுலயே கம்மியா இருக்கும், ரெண்டு புள்ளி மட்டும் இருந்தா தேய்ஞ்சு போச்சுன்னு நினைச்சுக்காதீங்க.

சரி, இதெல்லாம் பூச்சி கிடைச்ச பிறகு. கண்டுபிடிக்கறதுக்கு லென்ஸ் உதவாது, அதுக்கு நான் வாங்கினதுலயே உருப்படியான பொருள் கிட்டத்துல ஃபோகஸ் ஆகற பைனாகுலர். பென்டாக்ஸ் பாப்பிலியோ அரை மீட்டர் வரைக்கும் கிட்ட ஃபோகஸ் ஆகும், அதைக் கழுத்துல மாட்டினதுக்கு அப்புறம் நான் பூச்சியை விரட்டறது பாதியா குறைஞ்சுது. பொதுவா பைனாகுலர்ல ரெண்டு மீட்டருக்குக் கீழ எல்லாம் மங்கல், இதுல புதரோட ஒவ்வொரு இலையையும் நின்ன இடத்துலேருந்தே மேயலாம்.

எங்க மேயறதுன்னா, காத்து அடிக்காத, வெயில் விழற புதர் ஓரம். இதோட புழு சாப்பிடற செடிப் பட்டியல் பெருசு, கோர்ஸ், புரூம், ராக்ரோஸ், பில்பெர்ரி, முள்ளு பிளாக்பெர்ரின்னு போகும், அதனால ஒரே செடியைத் தேடி அலைய வேண்டாம், புதரோட அமைப்பைப் பாருங்க. ஆண் இடுப்பு உயரம் தலை உயரத்துல ஒரு இலை நுனியைப் பிடிச்சுக்கிட்டு உக்காரும், அது அதோட ஏரியா. இன்னொரு ஆண் வந்தா ரெண்டும் சுழண்டு சுழண்டு மேல போகும், கொஞ்ச நேரத்துல ஒண்ணு திரும்பி வந்து அதே கிளைல, சில நேரம் அதே இலைல உக்காரும். இதுதான் மொத்த ரகசியமும். பறந்துடுச்சேன்னு பின்னாடி ஓடாம, அது கிளம்பின இலையைக் குறி வச்சு, சூரியனுக்குப் பக்கவாட்டுல மண்டி போட்டு, லென்ஸை 1:2ல வச்சு காத்திருந்தா அதுவே வந்து உக்காரும். பெண் வேணும்னா தாழ்வா, புழுவுக்கான செடிகிட்ட தேடணும், ஆண் மாதிரி ஒரே இடத்துக்குத் திரும்பி வராது, அதனால கஷ்டம். கிளையைக் குச்சியால தட்டிப் பறக்க விட்டுக் கண்டுபிடிக்கறவங்க இருக்காங்க, வேலை செய்யும்தான், ஆனா பறந்த பூச்சி அமைதியாகறதுக்கு எடுக்கற நேரத்துல நான் நாலு புதர் பாத்துடுவேன். பிடிச்சு பிரிட்ஜ்ல வச்சு மயங்கினதும் படம் எடுக்கற கூட்டமும் உண்டு, அந்தப் படத்துல இறக்கை சாஞ்சிருக்கற விதமே காட்டிக் குடுத்துடும்.

நேரம்னு பாத்தா, பிரிட்டன்ல 1976லேருந்து நடக்கற பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புல 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருந்தா எண்ணவே போகமாட்டாங்க, 13லேருந்து 17 வரைக்கும்னா வெயில் அடிச்சாத்தான். அந்த 13-17தான் படத்துக்கும் நல்ல நேரம், பூச்சி முழு வேகத்துல இருக்காது, சாஞ்சு சாஞ்சு வெயில் காயும். சூடு ஏறிட்டா கேமராவை எடுத்து வச்சுட்டு சும்மா சண்டையை வேடிக்கை பாக்கலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்னாடி, இடுப்புல எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பாத்துடுங்க, வசந்தத்துல புதர்ல மண்டி போடற எல்லாருக்கும் சேத்துதான் சொல்றேன்.

300 எம்எம் டெலியில 25 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டற வெறும் குழாய்) போட்டும் நிறைய எடுத்திருக்கேன். மீட்டருக்கு மேல தள்ளி நிக்கலாம், நிழல் பிரச்சினை சுத்தமா இல்ல, பின்னணி வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஆனா பூச்சி ஃபிரேம்ல கால்வாசிதான் வரும், கிராப் பண்ணணும், கை வலிக்கும், முள்ளுக்குள்ள லென்ஸைத் திருப்பறதுக்குள்ள அது போயிடும். அகலமான புதர்னா டெலி, கை எட்டற கிளைன்னா மேக்ரோ. ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா யோசிக்காம 100 மேக்ரோ, கையில காசு தாராளமா இருந்தா 150 எம்எம் மேக்ரோ.

அப்போ 1:1 எதுக்குத்தான்னா, முட்டைக்கு. பெண் மொட்டு இடுக்குல ஒண்ணொண்ணா வச்சுட்டுப் போகும், ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, வெளிர் பச்சை. அங்க 1:1 கூட பத்தாது, டியூபையும் இந்த மேக்ரோலயே மாட்டி, எல்ஈடி ஒண்ணைப் பக்கத்துல பிடிச்சு, காத்து நிக்கற வரைக்கும் உக்காந்திருக்கணும். முட்டை பறக்காதுங்கறதால டிரைபாடை வெளிய எடுக்கறது அதுக்கு மட்டும்தான்.