மெத்தட்_மிஸ்ஸிங்கா, டிஃபைன்_மெத்தடா? செக்ரோல் கழிவுகளை வைத்து ஒரு ஒப்பீடு

ரூபி என்ற நிரல்மொழியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற உதவி மெத்தட்களை (பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சிறு கோட் துண்டுகளை) நாம் கையால் எழுதாமல், கோட் தானே உருவாக்கும்படி செய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: மெத்தட்_மிஸ்ஸிங், டிஃபைன்_மெத்தட், அப்புறம் கிளாஸ்_ஈவலுக்கு கோடை ஒரு நீள ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) எழுதிக் கொடுப்பது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் சில தேயிலைத் தோட்டங்களுக்குச் சம்பள மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறோம். எங்கள் கைக்கு வந்த பழைய கோட் முழுக்க முதலாவது வழியில் இருந்தது, இரண்டாவதுக்கு மாற்றிவிட்டோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை, டிஃபைன்_மெத்தட் பக்கம்தான்.

முதலில் இது எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், சில கழிவுக் கணக்குகள் (சம்பளத்தோடு பிடிக்கிற, கட்டுகிற தொகைகள்) எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒன்றுதான். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தோட்டத்திடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மட்டும் 3. இவற்றை யாரும் மெட்டாபுரோகிராமிங்கில் (கோடே கோட் எழுதுகிற முறையில்) செய்யக்கூடாது, தனித்தனி மெத்தடாகக் கையால் எழுதுங்கள், கணக்காய்வுக்கு வருகிறவர் கேட்டால் அந்த வரியைக் காட்ட முடியவேண்டும். தலைவலி மற்றக் கழிவுகளில்தான் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் சங்கச் சந்தா, கோயில் பணம், தேத்தூள், அட்வான்ஸ் என்று இருக்கும், அடுத்த தோட்டத்தில் மரண சகாய நிதி என்று புதிதாக ஒன்று இருக்கும், தேத்தூள் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் மாதக் கழிவு, வருட மொத்தம், கழிவு உண்டா இல்லையா என்று கேட்க, பெயர் கேள்விக்குறியில் முடிகிற ஒரு மெத்தட். ரூபி 2.0 முதல் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் வைக்கிற குறியீட்டு முறை) இயல்பாகவே வருவதால் சந்தா_கழிவு, கோயில்_கழிவு என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், நாங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். (மெத்தட்களைச் சேர்த்து வைக்கிற கிளாஸின் பெயரைத் தமிழில் தொடங்க முடியாது. அதற்குப் பெரிய எழுத்து வேண்டும், நம்மிடம் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை.)

இரண்டும் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகப் போகிறேன். இல்லாத மெத்தடை ஒருவர் கூப்பிட்டால், ரூபி அந்தக் கிளாஸிலும் அதன் தாய்க் கிளாஸ்கள் பரம்பரை முழுவதிலும் தேடி, கிடைக்காத பிறகு மெத்தட்_மிஸ்ஸிங்கிடம் பெயரைக் கொடுக்கும், அங்கே பெயரைப் பிய்த்துப் பார்த்து விடை சொல்லலாம். டிஃபைன்_மெத்தட் அப்படியில்லை, முன்கூட்டியே உண்மையான மெத்தடைச் செய்து வைத்துவிடும். வேகம் என்று பார்த்தால் இரண்டாவதுதான் முந்தும், ஆனால் சில நூறு பேருக்குச் சம்பளச் சிட்டை அடிக்கிற வேலையில் அந்த வித்தியாசத்தை நான் உணரவே இல்லை. வேகத்துக்காக மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, பிழை நடந்தால் அது வாயைத் திறந்து சொல்லுமா, கமுக்கமாக இருக்குமா என்பது.

பழைய கோடில் மெத்தட்_மிஸ்ஸிங் என்ன செய்தது என்றால், வந்த பெயரிலிருந்து ‘_கழிவு’ என்ற வாலை வெட்டி, மிச்சத்தை ஹேஷில் (பெயருக்கு எதிரே தொகை இருக்கிற பட்டியலில்) தேடி, கடைசியில் டூ_எஃப் போட்டு தசம எண்ணாக்கித் திருப்பிக் கொடுத்தது. ஹேஷில் இல்லையென்றால் நில் (nil, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) வரும், நில்லுக்கு டூ_எஃப் போட்டால் 0.0 வரும். (ரூபாய்க் கணக்கை ஃப்ளோட்டில், அதாவது சதம் பிசகக்கூடிய தசம எண்ணில், வைத்தது வேறு கதை.) ஒரு மாதம் சம்பளத்துக்கு முதல் நாள் பெரிய கிளாக்கர் போன் எடுத்தார். “தம்பி, கோயில் பணம் ஒருத்தருக்கும் கழியலையே, சிட்டையில எல்லாம் சைபர்னு வந்திருக்கு.” திரையில் எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. அவர் கல்குலேட்டரில் கூட்டிப் பார்க்கிற பழக்கமுள்ளவர் என்பதால்தான் அகப்பட்டது.

காரணம் நம் எழுத்தில் இருந்தது. ‘கோ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடாகப் பிரித்து வைக்கலாம். திரையில் அட்சரம் பிசகாமல் ஒன்றுபோலவே தெரியும். அந்தத் தோட்டத்தின் கழிவுப் பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய ஷீட், அதில் கொம்பும் காலும் பிரிந்திருந்தன, எங்கள் அறிக்கைக் கோடிலோ ஒரே குறியீடு. ரூபி பெயர்களை எழுதியது எழுதியபடியே பார்க்கும், தானாகச் சீராக்காது, அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள். கொழுந்து, தோட்டம், போனஸ் என்று நம் வேலையில் வருகிற பாதிச் சொற்களில் இந்தக் கண்ணி இருக்கிறது.

இதே பிசகு டிஃபைன்_மெத்தட் இருந்த இடத்தில் நடந்தால் என்ன ஆகும்? பிரிந்த எழுத்தில் மெத்தட் உருவாகும், சேர்ந்த எழுத்தில் கூப்பிடும்போது நோமெத்தட்எர்ரர் (அப்படியொரு மெத்தட் இல்லை) என்று அந்த இடத்திலேயே நிற்கும். ரூபி 2.3 முதல் கூடவே வருகிற டிட்_யூ_மீன் இருக்கிறதே, அது “கோயில்_கழிவையா சொன்னீர்கள்?” என்று பார்வைக்கு அதே சொல்லைத் திருப்பிக் கேட்கும். சிரிப்பு வரும், ஆனால் எங்கே தோண்டவேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். அது உண்மையான மெத்தட்களின் பட்டியலைப் பார்த்துத்தான் யோசனை சொல்கிறது, மெத்தட்_மிஸ்ஸிங்கின் ஆவி மெத்தட்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. சம்பள இரவில் புரோகிராம் நின்றுவிட்டால் வசவு விழும்தான். ஆளுக்கு ஆள் தப்பான சிட்டை கைக்குப் போய்ச் சேர்வதைவிட அந்த வசவு பரவாயில்லை. இப்போது பட்டியலைப் படிக்கிற ஒரே இடத்தில் யூனிகோட்_நார்மலைஸ் போட்டு எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு (ரூபி 2.2 முதல் இருக்கிறது) மெத்தட்களை உருவாக்குகிறோம், அதோடு தீர்ந்தது.

பராமரிப்பில் இன்னொரு செலவு பதிப்பு ஏற்றும்போது வரும். ரூபி ஒவ்வொரு நத்தாருக்கும் புதுப் பதிப்பு விடும், 2020 நத்தாருக்கு வந்த 3.0 கீவேர்ட் ஆர்கியுமென்ட்களை (மெத்தடுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கிற மதிப்புகளை) சாதாரண ஆர்கியுமென்ட்களிலிருந்து அடியோடு பிரித்துவிட்டது. பெயர், ஆர்க்ஸ் (ஆர்கியுமென்ட்கள்), பிளாக் (கூடவே கொடுக்கிற கோட் துண்டு) என்று மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே இன்னொரு மெத்தடுக்குத் தள்ளிவிடுகிற பழைய பாணி மெத்தட்_மிஸ்ஸிங்கில், சந்தா_மொத்தம் என்பதை வருடம் என்ற கீவேர்டோடு கூப்பிட்டால் அது ஹேஷாகச் சுருண்டு போய் ஆர்கியுமென்ட்எர்ரர் கொடுக்கும். டிஃபைன்_மெத்தடில் பிளாக்கின் தலையிலேயே இன்ன கீவேர்ட் வாங்குவேன் என்று எழுதியிருக்கும், ஆர்கியுமென்ட் கூடினாலும் குறைந்தாலும் அதுவே பிடித்துக்கொள்ளும், பதிப்பு மாறும்போது தொடவேண்டி வரவில்லை.

சரி, தேடுவது எப்படி? இதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குட்டைதான். பெயர் ஒட்டி உருவாவதால் சந்தா_கழிவு என்று ஃபைல்களில் தேடினால் அதை உருவாக்குகிற இடம் எதிலும் அகப்படாது. ஆனால் டிஃபைன்_மெத்தடில் செய்ததை மெத்தட் ஆப்ஜெக்டாக எடுத்து சோர்ஸ்_லொக்கேஷன் கேட்டால் ஃபைலும் வரி எண்ணும் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு இந்த ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

டிஃபைன்_மெத்தடின் குறையையும் சொல்லவேண்டும். மெத்தட்களை ஒரே கிளாஸில் கொட்டினால் ஒரு தோட்டத்தின் தேத்தூள்_கழிவு, தேத்தூள் கொடுக்காத தோட்டத்தின் பதிவிலும் வந்து உட்காரும். அதற்காகத் தோட்டத்துக்கு ஒரு கிளாஸ், அதன் கழிவுகளுக்குப் பெயரில்லாத ஒரு மாட்யூல் (மெத்தட்களின் தொகுப்பு), அந்த மாட்யூலைக் கிளாஸில் சேர்ப்பது (இன்க்ளூட்) என்று வைத்தோம். இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. ஏதாவது ஒரு தோட்டம் சந்தாவை மட்டும் வேறு விதமாகக் கழிக்கச் சொன்னால் கிளாஸில் அதே பெயரில் கையால் ஒரு மெத்தட் எழுதி, சூப்பர் என்று சொல்லி மாட்யூலில் இருக்கிற மூல மெத்தடையும் கூப்பிடலாம், ரெயில்ஸ் என்ற ரூபி இணையச் சட்டகத்தின் தரவுத்தளப் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டும் தன் அட்ரிபியூட் மெத்தட்களைத் தனி மாட்யூலில்தான் வைத்திருக்கிறது. அடுத்தது, புதுக் கழிவு ஒன்றை ஆபீசில் யாராவது சேர்த்தால் ஓடிக்கொண்டிருக்கிற புராசஸ் ஒவ்வொன்றும் மெத்தடைப் புதிதாக உருவாக்கவேண்டும். எங்கள் தோட்டங்களில் அது எப்போதாவதுதான் நடக்கும், ரீஸ்டார்ட் பண்ணிவிடுகிறோம். நாளுக்கு நாள் கழிவுப் பட்டியல் மாறுகிற வேலையாக இருந்தால் மெத்தட்_மிஸ்ஸிங் சௌகரியமாக இருக்கலாம், நான் அப்படியொன்றை நடத்திப் பார்த்ததில்லை.

கிளாஸ்_ஈவல் ஸ்ட்ரிங் வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குளோஷர் சுமை (சுற்றியிருக்கிற மாறிகளைப் பிடித்து வைத்திருக்கிற சுமை) இல்லாததால் வேகமானது, அழைப்பை வேறு ஆப்ஜெக்டுக்குக் கைமாற்றுகிற ரெயில்ஸின் டெலிகேட் உள்ளே இப்படித்தான் செய்கிறது. ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் கூடக் கொடுக்காமல் எழுதினால் எர்ரர் எங்கே என்று தடவவேண்டியதுதான். ஷீட்டிலிருந்து வருகிற பெயரை நேரே கோடுக்குள் ஒட்ட எனக்குத் துணிவில்லை, அதனால் தொடவில்லை. உண்மையில் மெத்தட் பெயரே வேண்டாம், கழிவு என்று ஒரே மெத்தட் வைத்து சந்தாவை ஆர்கியுமென்டாகக் கொடுத்து ஹேஷில் ஃபெட்ச் செய்தாலும் (இல்லாத பெயருக்கு அது எர்ரர் கொடுக்கும்) வேலை நடக்கும், சின்ன மென்பொருளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எங்கள் அறிக்கை டெம்ப்ளேட்கள் எல்லாம் புள்ளி வைத்துக் கூப்பிடுகிற பாணியில் இருந்ததால் அவ்வளவு தூரம் மாற்றப் போகவில்லை.

மெத்தட்_மிஸ்ஸிங் எங்களிடம் இன்னும் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற தராசின் டிரைவர் ஆப்ஜெக்டைச் சுற்றி, வருகிற அழைப்பை லாகில் எழுதிவிட்டு அப்படியே உள்ளே தள்ளுகிற ஒரு உறை. உள்ளே என்னென்ன மெத்தட் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத இடம் என்பதால் அது அங்கே பொருந்துகிறது. அதிலும் மூன்றைக் கட்டாயம் வைத்திருக்கிறோம்: உள்ளே இருக்கிற ஆப்ஜெக்டுக்கு அந்த மெத்தட் இல்லை என்று ரெஸ்பாண்ட்_டூ சொன்னால் உடனே சூப்பர் (வழக்கமான எர்ரர் வரட்டும் என்று), கூடவே இந்த மெத்தட் உண்டா என்று கேட்பவருக்குச் சரியான பதில் போக ரெஸ்பாண்ட்_டூ_மிஸ்ஸிங், ஆர்கியுமென்ட்களை அப்படியே கடத்த மூன்று புள்ளி (...) குறி.