ஓய்வு பெறுபவரின் இடத்துக்கு யார்? அம்பத்தூரிலிருந்து ஒரு கணக்கு

மாலை நாலு மணிக்கு கேன்டீனில் சால்வை, சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். இனிப்பு, மிக்சர், குரூப் போட்டோ. ஐந்தரைக்கெல்லாம் அவர் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டிவிடுவார். மறுநாள் காலை ஷிஃப்டில் அவருடைய மிஷின் முன்னால் யார் நிற்பது என்ற கேள்வி அப்போதுதான் மேனேஜருக்கு உறைக்கும். சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக ப்ரொடக்‌ஷனில் இருக்கிறேன். இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

இத்தனைக்கும் ஓய்வு ஒன்றும் திடீரென்று வருவதில்லை. சேர்ந்த அன்றே பிறந்த தேதி ஃபைலில் ஏறிவிடுகிறது. ஆனாலும் கடைசி வாரம்தான் ஓடுவோம். அப்போது கையில் இருக்கிற வழிகள் நாலுதான்: அவரையே திரும்பக் கூப்பிடுவது, கான்ட்ராக்ட் ஆள் போடுவது, ஆளே போடாமல் வேலையைப் பிரித்துவிடுவது, முன்னாடியே ஒருவரைக் கூட நிறுத்தியிருப்பது. நாலாவது, கடைசி வாரத்தில் முடியாது. அதனால்தான் அது அரிதாக நடக்கிறது.

திரும்பக் கூப்பிடுவது நம்ம ஊரில் ரொம்பப் பிரபலம். 58-ல் பி.எஃப். பென்ஷன் தொடங்கிவிடும். கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, செட்டில் செய்துவிடுவார்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 30,000 வாங்கியவருக்கு 32 வருட சர்வீஸ் என்றால் ஏறக்குறைய 5,54,000 ரூபாய். அடுத்த மாதமே அவர் ‘கன்சல்டன்ட்’. மாதா மாதம் ஒரு பில், அதில் டிடிஎஸ் என்று வருமான வரிப் பிடித்தம். பி.எஃப். இல்லை, போனஸ் இல்லை, லீவு இல்லை. கம்பெனிக்கு லாபம், அவருக்கும் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். ரெண்டு பக்கமும் சந்தோஷம்.

சிக்கல் எங்கே என்றால், பிரச்சினை தீரவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. தமிழக அரசு 2020 மே மாதம் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கியது. கிளம்ப வேண்டியவர்கள் ரெண்டு வருடம் கழித்துக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். ஜப்பானில் 2013 முதல், விரும்புகிற எல்லாருக்கும் 65 வயது வரை வேலை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெரும்பாலும் 60-ல் கணக்கு முடித்து, குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தமாக மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இளவட்டமே குறைவு, அதனால் வேறு வழியில்லை. நமக்கு அப்படியா?

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. கன்சல்டன்ட்டாக வந்தவருக்கு அவருக்குத் தெரிந்ததுதான் மாதச் சம்பளம். அதைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் அவரை எதற்குக் கூப்பிடுவார்கள்? அவர் மேல் தப்பே இல்லை. ஏற்பாடு அப்படி.

கூப்பிடுவதாக இருந்தால் அவர் உட்கார ஒரு ஸ்டூலாவது போடுங்கள். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007-ல், வயதானவர்களைக் கொண்ட ஒரு லைனில் மரத்தரை, நாற்காலி, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் என்று சின்னச் சின்னதாக எழுபது மாற்றம் செய்தார்கள். உற்பத்தி 7 சதவீதம் கூடியது. இங்கே எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்க வைத்துவிட்டு, ‘பெருசு ஸ்லோ ஆயிட்டாரு’ என்கிறோம்.

கான்ட்ராக்ட் ஆளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேக்கிங், லோடிங் என்றால் சரி. மிஷினில் அச்சைப் பொருத்தித் தயார் செய்கிற செட்டர் வேலைக்கு என்றால் வேண்டாம்.

பிரித்துக் கொடுப்பது ஃபைனான்ஸ்காரர்களுக்குப் பிடித்த வழி. நான் அதை எதிர்த்தே பழகியவன், ஆனால் ஒரு தடவை தோற்றேன். ஸ்டோர்ஸ் கீப்பர் ஒருவர் போனதும் ஆள் போடவில்லை. அவர் எழுதிவந்த நாலு ரிஜிஸ்டரில் ரெண்டை வருடக்கணக்காக யாருமே திறந்து பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மீதியை ரெண்டு பேர் சுலபமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸ் வேலைக்கு இந்த வழியை முதலில் யோசிப்பதே சரி. ஷாப் ஃப்ளோரில் செய்தால் மூணு மாதம் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். நாலாவது மாதம் ரிஜெக்‌ஷன் ஏறும்.

நான் முன்பு இருந்த இடத்தில் பவர் பிரஸ் செட்டர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்கு அப்புறம் வந்த பையன் கெட்டிக்காரன், சுத்தக்காரன். டையை, அதாவது ஷீட்டை வெட்டுகிற அச்சை, கழற்றிப் பளபளவென்று துடைத்து மாட்டினான். அன்றிலிருந்து பீஸ் எல்லாம் ஒரு பக்கம் பிசிறு. மேலிருந்து இறங்கி வெட்டுகிற பஞ்ச்சைத் தீட்டினோம், டையைத் தீட்டினோம், ஷீட்டை மாற்றினோம். நாலு நாள் போனது. கடைசியில் பையன் ஓய்வு பெற்ற அந்த செட்டருக்கே போன் போட்டான்.

“அண்ணா, பிசிறு நிக்கவே மாட்டேங்குது.”

“கீழ, வலது மூலையில ஒரு பித்தளைத் தகடு இருந்துச்சே, இருக்கா?”

“அதுவா... குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன்ணா.”

பிரஸ்ஸில் டை உட்காருகிற படுகை அந்த மூலையில் பல வருடம் முன்பே தேய்ந்திருக்கிறது. அவர் ஒரு மெல்லிய தகட்டை வெட்டி டைக்கு அடியில் சொருகி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மறைத்தார் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவருக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. ‘எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளலாமே’ என்பவர்களுக்கு: அந்த மிஷினுக்கும் முறையாக எழுதிய எஸ்.ஓ.பி., அதாவது செய்முறைக் குறிப்பு, இருந்தது. ‘டையைச் சரியாகப் பொருத்தவும்’ என்று போட்டிருந்தது.

ஆறு மாதம் பையனை அவர் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் ரெண்டு தடவையாவது அந்த டையைச் சேர்ந்து மாட்டியிருப்பார்கள், தகட்டையும் பார்த்திருப்பான். என் ஓட்டு அதனால்தான் நாலாவது வழிக்கு. மாதம் 18,000 என்றால் ஆறு மாதத்துக்கு 1,08,000 ரூபாய். ரெட்டைச் சம்பளம் என்று முதலாளிகள் முகம் சுளிப்பது இதற்குத்தான். உதவித்தொகையில் தொழில் பழகுகிற அப்ரன்டிஸை வைத்தால் இன்னும் குறையும். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுப்பது எப்படியும் கட்டாயம். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் அப்ரன்டிஸை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் ரெண்டாயிரம் கூடக் கிடைத்தால் ஒரகடத்துக் கார் கம்பெனிக்குப் போய்விடுவான். நான் போவதாக இருந்தால் நானும் போவேன். அதனால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டியது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற, வீடு பக்கத்தில் உள்ள, முப்பத்தைந்து வயதுக்காரர். அப்ரன்டிஸ் அவருடைய பழைய வேலைக்கு வரட்டும். அப்புறம், பெரியவரின் இன்சென்டிவைத் தொடாதீர்கள். பீஸ் எண்ணிக் காசு கொடுக்கிற இடத்தில் சொல்லித் தருகிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் கைநஷ்டம். அந்த ஆறு மாதமும் பழைய சராசரியை அப்படியே கொடுத்துவிட்டால் வாயைத் திறப்பார்.

இப்போது எங்கள் பட்டியலில் அடுத்தவர் இரும்பைச் சுட்டுப் பதம் ஏற்றுகிற ஹீட் ட்ரீட்மென்ட் பெரியவர். மீட்டர் என்ன காட்டினாலும் ஒரு தடவை அடுப்பின் நிறத்தை எட்டிப் பார்க்காமல் கதவைத் திறக்க மாட்டார். போன மாதம் 57 முடிந்தது. கூட நிற்க ஒரு ஆள் கேட்டு மேலே மெயில் போட்டேன். ‘இன்னும் ஒரு வருஷம் இருக்கே, அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில் வந்திருக்கிறது.