ஒலிம்பியாட் கணக்கு: கோச்சிங் பேட்ச்சா, பழைய வினாத்தாளும் திருத்த ஒரு சாருமா?

கணக்கில் சுட்டியான பிள்ளை வீட்டில் இருந்தால், சென்னையில் பெரும்பாலும் இரண்டு வழிதான் கண்ணில் படும். ஒன்று, ஜே.இ.இ. கோச்சிங் சென்டர்கள் கூடவே நடத்தும், கணித ஒலிம்பியாட் போட்டிக்கான பேட்ச். இன்னொன்று, பழைய வினாத்தாள்களை வீட்டில் போட்டு, போட்டதை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குவது. பத்தாவது படிக்கும் எங்கள் மகளுக்கு இரண்டாவதைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பணம், அலைச்சல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. பேட்ச்சுக்குச் செலவு அதிகம்; ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியிலிருந்து அண்ணா நகருக்குப் போய்த் திரும்பினால் பாதி நாள் காலி. பதிலுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வேகமாகப் போடும் நாலு பிள்ளைகள் கிடைப்பார்கள். அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே பெரிய லாபம். வீட்டில் அதற்கு ஈடே கிடையாது.

ஆனால் தேர்வுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். செப்டம்பர் வாக்கில் வரும் முதல் படித் தகுதித் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம்.மில் 3 மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். விடை 00 முதல் 99 வரை ஏதோ ஒரு முழு எண், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்பினால் முடிந்தது. அதைத் தாண்டினால் மண்டல அளவிலான ஆர்.எம்.ஓ.: அதே 3 மணி நேரம், ஆனால் 6 கணக்குதான், அத்தனையையும் நிரூபித்து எழுத வேண்டும். ஜனவரியில் வரும், தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ.வில் 6 கணக்குக்கு நாலரை மணி நேரம். முதல் படியில் மட்டும் விடை போதும், அதற்கு மேல் எல்லாமே எழுத்து. பேட்ச்சுகள் பயிற்சி கொடுப்பது பெரும்பாலும் அந்த முதல் படிக்குத்தான்.

இதில் என்ன குறை என்பதற்கு ஒரு கணக்கு. ஏ, பி, சி மூன்றும் மிகை எண்கள், கூட்டினால் 3. 1/ஏ + 1/பி + 1/சி குறைந்தபட்சம் எவ்வளவு? ‘மூன்றும் சமம்’ என்று 1, 1, 1 போட்டால் 3 வரும். விடை சரி, வட்டம் நிரம்பிவிட்டது, முழு மதிப்பெண். ஏன் அதுதான் குறைந்தபட்சம் என்று பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அடுத்த கணக்கு: அதே கூட்டல் 3, பூஜ்யமும் வரலாம்; ஏ²பி + பி²சி + சி²ஏ அதிகபட்சம் எவ்வளவு? சமம் என்று போட்டால் இதற்கும் 3. ஆனால் 2, 1, 0 போட்டுப் பாருங்கள், 4 வருகிறது. பேட்ச்சில் இதற்கு ஒரு தப்புக் குறி விழும், சார் போர்டில் சரியான வழியைப் போடுவார், பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளும். ‘சமமாக வைத்தால் போதும்’ என்ற நம்பிக்கை எங்கே தவறு என்று அந்தப் பிள்ளையின் தாளை வைத்து யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது முடியவும் முடியாது.

எங்கள் மகளுக்குத் திருத்தித் தருபவர் மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். இரண்டாவது கணக்கை அவள் நன்றாகவே எழுதியிருந்தாள்: பி-யை நடு அளவு எண்ணாக எடுத்து, மொத்தமும் பி(3−பி)²-ஐத் தாண்டாது, அது 4-ஐத் தாண்டாது என்று. சார் முதல் வரியிலேயே சிவப்பு மையில் கோடு போட்டார். “பி-தான் நடுவுலன்னு யாரும்மா சொன்னா? ஏ நடுவுல இருந்தா?” ஏ, பி, சி மூன்றையும் சுழற்சியாக இடம் மாற்றினாலும் ஏ²பி + பி²சி + சி²ஏ மாறாது, அதனால் அப்படி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஆர்.எம்.ஓ.வில் மதிப்பெண் கரைவது இந்த மாதிரி வரிகளில்தான். நெட்டில் தீர்வைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டால் இது பிடிபடாது. ‘நானும் இப்படித்தானே போட்டேன்’ என்று மனசு சொல்லிவிடும்.

இந்த எழுத்துப் பழக்கம் ஒலிம்பியாடோடு நிற்பதில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகமான சி.எம்.ஐ.யின் பி.எஸ்சி. நுழைவுத் தேர்விலும், இந்தியப் புள்ளியியல் கழகமான ஐ.எஸ்.ஐ.யின் நுழைவுத் தேர்விலும் நிரூபித்து எழுதும் கேள்விகள் உண்டு. ஏழாவது எட்டாவது பிள்ளைகளுக்கு, திருவல்லிக்கேணியில் இருக்கும் கணித ஆசிரியர் சங்கமான ஏ.எம்.டி.ஐ. நடத்தும் என்.எம்.டி.சி. போட்டியின் இரண்டாம் சுற்றுத் தாள்கள் நல்ல ஆரம்பம்.

வடிவியலில் மட்டும் என் கருத்து அவ்வளவு உறுதியாக இல்லை. பள்ளியில் வட்டத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். நாற்கரமும் தொடுகோடும் சேர்ந்து வரும் கணக்குகளுக்கு யாராவது வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால்தான் சரிவரும் போலிருக்கிறது. அங்கே பேட்ச் ஒரு படி மேலாக இருக்கலாம். தனியாக உட்கார்ந்தால் போன் பக்கம் கை போகும் பிள்ளைக்கும் பேட்ச்தான். பிளஸ் டூவில் போர்டு எக்ஸாமோடு எங்கள் வழி ஒத்துவருமா என்பதை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை.

எங்கள் வழியின் பலவீனம், எல்லாம் ஒரே ஆளை நம்பியிருப்பது. சார் மகன் வீட்டுக்கு வெளியூர் போனால் திருத்தலும் நின்றுவிடும். அதனால் முன்பு ஆர்.எம்.ஓ. எழுதிய ஒரு கல்லூரி மாணவரையும் பேசி வைத்திருக்கிறோம். யாராக இருந்தாலும் வாரத்துக்கு மூன்று கணக்குக்கு மேல் கொடுக்காதீர்கள். நோட்டு நோட்டாகக் கொண்டுபோய்க் கொட்டினால் அவர்களும் டிக் மட்டும் போட்டு அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஜூலையிலிருந்து வேகத்துக்காக பேட்ச்சுகள் தனியாக விற்கும் மாக் டெஸ்ட்டை மட்டும் வாங்கலாம் என்று இருக்கிறோம், வகுப்பு வேண்டாம்.