மனிதப் பாதுகாப்பு: கனடாவின் வழியும் ஜப்பானின் வழியும்

பாதுகாப்பு என்பது நாட்டின் எல்லைகளுக்கு மட்டுமன்றி அதில் வாழும் மனிதர்களுக்கும் உரியது என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை வாதிட்ட பின், இரு நாடுகள் ‘மனிதப் பாதுகாப்பு’ எனும் அக்கருத்தை இரு வேறு வழிகளில் முன்னெடுத்தன.

கனடா அச்சத்திலிருந்து விடுதலையை, அதாவது போரிலிருந்தும் வன்முறையிலிருந்தும் மக்களைக் காப்பதை, முதன்மைப்படுத்தியது. அதன் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, வல்லரசுகளின் இசைவுக்குக் காத்திராமல், ஒத்த கருத்துள்ள நாடுகளையும் தன்னார்வ அமைப்புகளையும் ஒன்றுதிரட்டியதன் பயனாக, ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தானது. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அதில் சேராதது பெருங்குறையே. ஆனாலும் பல நாடுகள் தம் கையிருப்பை அழித்தன என்பதை நான் சிறிய வெற்றியாகக் கருதவில்லை.

ஜப்பான் வறுமையிலிருந்து விடுதலையை வலியுறுத்தியது. 1999இல் ஐ.நா.வில் இதற்கென நம்பக நிதியம் அமைய உதவியது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் முன்னாள் தலைவர் சடாகோ ஒகாட்டாவும் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னும் தலைமையேற்ற மனிதப் பாதுகாப்பு ஆணையம் 2003இல் அறிக்கை அளித்தது.

கனடாவின் ஆதரவில் அமைந்த ஆணையம் 2001இல் முன்வைத்த ‘காக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாடு, அதாவது ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அப்பொறுப்பு உலக நாடுகளைச் சேரும் என்ற கருத்து, படைத் தலையீட்டுக்கு வாயில் திறக்குமோ என்ற ஐயத்தை வளரும் நாடுகளிடையே எழுப்பியது. மனிதப் பாதுகாப்பு படைபலப் பயன்பாட்டைக் குறிக்காது என்று 2012இல் ஐ.நா. பொதுச்சபை தெளிவுபடுத்தியது ஜப்பானின் நிலைப்பாட்டுக்கே நெருக்கமானது. அரசுகளின் நம்பிக்கையைப் பெற அவ்வழியே ஏற்றது. ஆயுதம் ஒன்றைத் தடைசெய்ய வேண்டுமெனில், கனடாவின் வழியையே நான் தேர்வேன்.