அரிசியா, பணமா? எதில் ஓட்டை அதிகம்

நாகூர்ப் பக்கம் ரேஷன் அரிசி. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, புதுச்சேரி ஆட்சிக்குள் வரும் காரைக்காலில் 2015 முதல் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் என்று கொஞ்ச காலம் ஓடியது, 2024-இல் அங்கேயும் கடையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். எது திருட்டுக்குத் தோது என்று டீக்கடையில் சண்டை ஓயவில்லை.

திருட்டு:
அரிசி: எடையில் குறையும், மூட்டையாகக் கடத்தப்படும், வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வரும். ஆனால் கண்ணுக்குத் தெரியும், கடைக்காரரிடம் சத்தம் போடலாம்.
பணம்: எடைக்கல் இல்லை, சரி. ஆனால் பட்டியலிலேயே கை வைத்தால்? 2020-இல் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் பணம் போடும் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானோரைச் சேர்த்துச் சுமார் 110 கோடி ரூபாயைச் சுருட்டியது தமிழ்நாட்டில்தான்.

அலைச்சல்:
அரிசி: வரிசை, கைரேகை விழாத பாட்டிகள்.
பணம்: வங்கி, ஆதார் இணைப்பு.

விலை ஏறினால்:
அரிசி: 20 கிலோ 20 கிலோதான்.
பணம்: அதே தொகை, குறைந்த அரிசி.

நடவு இல்லாத மாதங்களில் கூலிக்காரர் வீட்டுக்கு அரிசிதான். சொந்த நெல் சாப்பிடுகிறவருக்குப் பணம் போதும், அவர் வாங்கும் ரேஷன் அரிசி எப்படியும் கோழிக்குத்தான் போகிறது.