நீல முக்கோணத்தை நம்பி நான் பட்ட பாடு

மீன்குட்டையை ஒட்டி நெல் போட்டிருப்பவர்கள், களைக்கொல்லி வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் சம்பா. வரப்பை ஒட்டி 20 சென்ட் பண்ணைக்குட்டை. ஆனியில் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகளின் 400 குஞ்சுகள் கால் கிலோவைத் தொட்டிருந்தன. ஐப்பசியில் நடவு முடிந்து மூன்றாம் நாள் போட பூட்டாக்குளோர் என்ற களைக்கொல்லி வாங்கப் போனேன்.

"பக்கத்துல மீன் கெடக்கு, ஒண்ணும் ஆகாதே?" என்று இரண்டு தடவை கேட்டேன். கடைக்காரர் ஐந்து லிட்டர் கேனைத் திருப்பி, லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் நிற முக்கோணத்தைக் காட்டினார். "செவப்பு முக்கோணம்னாதான் பயப்படணும்ண்ணே. இது நீலம். மீனு பாட்டுக்கு நீந்தும்." அதிலிருந்தே ஒரு லிட்டரைப் பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பில்லும் இல்லை, மருந்தோடு வரும் துண்டுச்சீட்டும் இல்லை.

மணலில் கலந்து விசிறினேன். அன்று ராத்திரியே மழை கொட்டி, வயல் தண்ணீர் வழிந்து குட்டைக்குள் இறங்கிவிட்டது. மடையை உயர்த்தி அடைக்காதது என் தப்புதான்.

விடிந்து பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஆக்சிஜன் கொறஞ்சிருக்கும்" என்று சொல்லி மாத்திரை வேறு விற்றார் அதே மனிதர். மாத்திரையும் போட்டேன், மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியும் அடித்தேன். மத்தியானத்துக்குள் பாதி மீன் வெள்ளையாக மிதந்தது.

மீன்வளத் துறையிலிருந்து வந்தவர் ஒரு கட்லாவின் செவுள் மூடியைத் தூக்கினார். செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டிய செவுளின் மேல் வடிகஞ்சி ஆறினாற்போல் சளி படர்ந்திருந்தது. விரலால் வழித்தால் நூல் நூலாக வந்தது. அடியில் சீப்புப் பற்கள் போன்ற செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அவர் சொல்லித்தான் புரிந்தது. செவுளில் எப்போதும் மெல்லிய சளிப்படலம் உண்டு. கிருமியைப் பிடித்து வெளியே தள்ளுவது அதுதான். மருந்து பட்டதும் மீன் தன்னைக் காக்கச் சளியை மேலும் மேலும் சுரக்கிறது. படலம் தடித்துப்போனால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மாத்திரை என்ன செய்யும்? பிழைத்தவற்றுக்கும் நிம்மதி இல்லை. சுரந்து சுரந்து சளி வற்றிவிட்டால் காவல் போய்விடும். பத்து நாளில் மிச்சமிருந்தவற்றின் துடுப்பிலும் செவுளிலும் பஞ்சு மாதிரிப் பூஞ்சை.

அந்த முக்கோண நிறம் எலிக்கு வாய்வழி கொடுத்துப் பார்க்கும் கணக்கை வைத்துப் போடுவது. பாதி எலிகளைக் கொல்லும் அளவு, எலியின் எடையில் கிலோவுக்கு 501 முதல் 5000 மில்லிகிராம் வரை என்றால் நீலம். அதில் மீன் கணக்கே இல்லை. கெண்டைக்கோ லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் பூட்டாக்குளோரே அதிகம். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 2 லட்சம் லிட்டர். 50 சத மருந்து ஒரு லிட்டரில் ஏறக்குறைய 500 கிராம் விஷம். வகுத்துப் பாருங்கள், லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் வருகிறது.

சீல் உடைக்காத பாட்டிலாக, பில்லோடு வாங்குங்கள். துண்டுச்சீட்டில் மீன் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கடையிலேயே படியுங்கள். வானம் கருத்திருந்தால் அன்றைக்குப் போடவே போடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமென்று விசாரித்தேன். முதல் கேள்வியே பில் எங்கே என்பதுதான். லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று மோட்டார் கொட்டகையில் கிடக்கிறது, என்னிடம் இருக்கும் சாட்சி அவ்வளவே.